ஐரிஸ் ஒன்றரைச் சுற்றில் இறுகி நிற்கிறது: பின் சைட்டில் இருக்கும் மரை எது?

வளையம்22:

வணக்கம். பழைய டார்கெட் ரைஃபிளின் பின் சைட் (குறிபார்க்கும் பாகம்) ஒன்று. தயாரிப்பாளர் பெயரோ எண்ணோ எங்கும் பொறிக்கப்படவில்லை. கண் பக்கம் ஒற்றைத் துளைத் தட்டு திருகப்பட்டிருக்கிறது. அதை எடுத்துவிட்டு, துளையை 0.5 முதல் 3.0 மி.மீ. வரை மாற்றக்கூடிய ஐரிஸ் பொருத்த வேண்டும். ஐரிஸின் மரை எம் 9.5 × 1 (மெட்ரிக்: விட்டம் 9.5 மி.மீ., பிட்ச், அதாவது முகட்டுக்கு முகடு தூரம், 1 மி.மீ.).

இதுவரை பார்த்தவை:

பழைய தட்டின் வெளிமரை விட்டம் வெர்னியரில் 9.42 மி.மீ. ஐரிஸின் மரை விட்டம் 9.40. இரண்டும் ஒன்று என்று நினைத்துத்தான் திருகினேன். ஐரிஸ் விரலால் தாராளமாக ஏறுகிறது, ஒன்றரைச் சுற்றில் இறுகி நின்றுவிடுகிறது. மேலே அழுத்தவில்லை, பிடிகுறடும் போடவில்லை. பழைய தட்டு அதே துளையில் கடைசி வரை சுலபமாகப் போகிறது, அதனால் உள்மரை அடிபடவில்லை என்று தெரிகிறது.

சைட்டில் எம் 9.5 × 1 டேப் (உள்மரை வெட்டும் கருவி) ஒருமுறை ஓட்டினால் சரியாகிவிடுமா? ஐரிஸில் குறையா?

இன்னும் இரண்டு: முன் சைட் டன்னலின் (குழாய் வடிவ முன் சைட்) முகப்பு வளையம் தொலைந்துவிட்டது, 22 அளவு என்றால் எந்த வளையமும் பொருந்துமா? முன் சைட் அடித்தளத்தின் இரண்டு திருகுகளில் ஒன்று மரை தேய்ந்து சும்மா சுற்றுகிறது. மற்றதன் விட்டம் 3.47. எம் 3.5 வாங்கலாமா?


மரைக்கணக்கு:

முதலில் டேப்பைக் கீழே வையுங்கள். டேப் ஓட்டிவிட்டால் இந்தச் சைட்டுக்கு எந்த ஐரிஸும் ஒழுங்காகப் பொருந்தாது, பழைய தட்டும் பொருந்தாது. காரணத்தைக் கீழே சொல்கிறேன்.

விட்டத்தை வைத்து மரையை முடிவு செய்ய முடியாது. உங்கள் இடத்தில் இருக்க வாய்ப்புள்ள இன்னொரு மரை 3/8 அங்குலம், அங்குலத்துக்கு 24 மரை. 3/8 அங்குலம் என்பது 9.525 மி.மீ. காகிதத்தில் இரண்டுக்கும் 0.025 வித்தியாசம் இருக்கிறது, ஆனால் யாரும் வெளிமரையை முழு அளவுக்கு வெட்டுவதில்லை. 6ஜி தரத்தில் (மெட்ரிக் வெளிமரைக்கான வழக்கமான அளவுத் தரம்) எம் 9.5 × 1 வெளிமரை 9.29 முதல் 9.47 வரை எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம். அங்குல மரைக்கு அதேபோன்ற 2ஏ தரத்தில் 3/8-24 வெளிமரை 9.31 முதல் 9.50 வரை. ஒன்றின் மேல் ஒன்று அப்படியே படுத்திருக்கிறது. உங்கள் 9.42, 9.40 இரண்டுமே இரு பக்கமும் செல்லும். துளைக்குள் உள்விட்டம் அளந்தாலும் இதே கதைதான், இரண்டுக்கும் ஏறக்குறைய 8.4 முதல் 8.65 வரை வரும்.

பிரிப்பது பிட்ச் மட்டுமே. ஒன்று 1.000 மி.மீ., மற்றது 1.058. ஒரு சுற்றுக்கு 0.058 மி.மீ. பிசகு. மரைகளுக்கு இடையே இருக்கும் தளர்வு முதல் ஒன்று, ஒன்றரைச் சுற்றுவரை இந்தப் பிசகை விழுங்கிக்கொள்கிறது, அதற்குப் பிறகு முன்மரை ஒரு சரிவிலும் பின்மரை எதிர்ச் சரிவிலும் முட்டி ஆப்புபோல இறுகும். நீங்கள் சொன்ன அறிகுறி அப்படியே அதுதான். அறிகுறியை வைத்தே நிறையச் சொல்லலாம்: வாயிலேயே ஏற மறுத்தால் விட்டம் பெரிது, அல்லது முதல் மரை நசுங்கியிருக்கிறது. கடைசிவரை போய் லொடலொடவென்று ஆடினால் விட்டம் சிறிது. தாராளமாக ஏறி, ஒவ்வொரு முறையும் அதே சுற்றில் இறுகினால் பிட்ச் வேறு.

இப்போது அளக்க வேண்டியது:

பழைய தட்டின் வெளிமரையை வெள்ளைத் தாளின் மேல் வைத்து, மரையை ஒட்டி எஃகு அளவுகோலை வைத்து, கேமராவை நேர் மேலே பிடித்துப் படம் எடுங்கள். படத்தைப் பெரிதாக்கி முதல் முகட்டிலிருந்து ஏழாவது முகடுவரை அளந்தால் ஆறு பிட்ச் கிடைக்கும். 6.00 வந்தால் மெட்ரிக். 6.35 வந்தால் அங்குலத்துக்கு 24. ஏழு முகட்டை எண்ணிவிட்டு ஏழால் வகுப்பவர்கள் அதிகம், அங்கேதான் கணக்கு தப்புகிறது. இடைவெளி ஆறுதான்.

தட்டே இல்லாமல் உள்மரை மட்டும் கையில் இருந்தால் வேறு வழி வேண்டும். துளையில் சரியாக ஏறும் ஏதாவது ஒரு பாகத்தைத் திருகி, தோளுக்கும் (மரை முடியும் இடத்தில் உள்ள அகன்ற விளிம்பு) சைட் முகத்துக்கும் உள்ள இடைவெளியை அளந்து, சரியாக ஐந்து சுற்று வெளியே எடுத்து மறுபடி அளக்க வேண்டும். வித்தியாசத்தை ஐந்தால் வகுத்தால் பிட்ச். சுற்றை எண்ண இரண்டு பாகத்திலும் ஒரு பேனாக் கோடு போதும்.

பிட்ச் கேஜ் (மரையோடு ஒப்பிட்டுப் பார்க்கும் பல் தகடு) இருந்தால் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். மூன்று நான்கு மரையே உள்ள குட்டைப் பாகத்தில் 1.0 கேஜும் 24 கேஜும் இரண்டுமே உட்கார்ந்ததுபோலத் தோன்றும். அதனால் கேஜை மட்டும் நம்ப வேண்டாம், நீளத்தில் அளப்பதே உறுதி. கேஜின் பல் 60 டிகிரியா 55 டிகிரியா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். மெட்ரிக்கும் அமெரிக்க ஒருங்கிணைந்த மரையும் 60. விட்வொர்த் வகை 55. பழைய பிரிட்டிஷ் சிறு திருகுகளில் வரும் பிஏ மரை 47.5 டிகிரி. அங்குலத்துக்கு 26 மரை உள்ள பிரிட்டிஷ் வகையும் உண்டு, அதன் பிட்ச் 0.977. மெட்ரிக் 1.0 கேஜில் அதுவும் ஏமாற்றும்.

டேப் ஏன் கூடாது: 24 மரை உள்ள துளையில் 1.0 பிட்ச் டேப் ஓடினால் ஆறு சுற்றில் 0.35 மி.மீ. தள்ளிப்போகிறது. பிட்சில் மூன்றில் ஒரு பங்கு. முதல் மரை அப்படியே இருக்க, ஆறாவது மரையின் சுவர் பாதிகூட மிஞ்சாது. ஐரிஸ் இரண்டு மூன்று முகட்டின் நுனியில் மட்டும் தொங்கும்.


டன்னல்நோக்கி:

பின் சைட்டை மரைக்கணக்கு பார்த்துக்கொள்கிறார், நான் முன் பக்கம் மட்டும் சொல்றேன்.

18, 22 என்பது டன்னலின் அளவுப் பெயர். இன்சர்ட் (டன்னலுக்குள் வைக்கிற குறித்தட்டு) வாங்க அந்தப் பெயர் போதும். வளையம் வாங்கப் போதாது, ஏன்னா பெயர் பிட்சைச் சொல்லாது. 22 மி.மீ. விட்டத்தில் 0.5, 0.75, 1.0 எதுவும் வெட்டலாம், எல்லாமே நுண்மரை, எல்லாமே கண்ணுக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும். டன்னலின் உள்மரையில் ஒரு மெல்லிய காகிதத்தை வைத்து, மழுங்கின பென்சிலால் தேய்த்தால் மரையின் கோடுகள் பதியும். 5 மி.மீ. நீளத்தில் எத்தனை கோடு என்று எண்ணுங்க. 5 இடைவெளி என்றால் 1.0. ஆறரைக்கு மேல் வந்தால் 0.75. பத்து என்றால் 0.5.

வளையத்தில் மரை மட்டும் பொருந்தினா ஆகாது. இன்சர்ட்டை அழுத்திப் பிடிக்கிற உதட்டின் உயரமும் சரியா இருக்கணும். உதடு குட்டையா இருந்தா வளையம் முழுக்க ஏறின பிறகும் இன்சர்ட் ஆடும். உயரமா இருந்தா வளையம் இரண்டே மரையில் தொங்கும், அக்ரிலிக் இன்சர்ட்டில் வெடிப்பும் வரும். பழைய வளையம் இல்லாதப்போ டன்னலின் வாயிலிருந்து இன்சர்ட் உட்காரும் படிவரை ஆழத்தை அளந்து, இன்சர்ட்டின் தடிமனைக் கழிச்சுக்குங்க, அதுதான் உதட்டுக்கு மிஞ்சும் இடம்.

நுண்மரையை ஏற்றும்போது நேரா முன்னால் திருகாதீங்க. வாயில் வைத்து முதலில் பின்பக்கமா மெதுவா சுற்றுங்க. ஒரு இடத்தில் 'டக்'னு விழும். அங்கிருந்து முன்னால் திருகினா மரை மாறி ஏறாது. அலுமினியம் மேல் அலுமினியம், 0.5 பிட்ச், கோணலா ஒருமுறை ஏறினாலே போதும், டன்னல் போச்சு.


வளையம்22:

இருவருக்கும் நன்றி. படம் எடுத்து அளந்தேன். ஆறு இடைவெளி 6.33 மி.மீ. ஐந்து சுற்று முறையிலும் பார்த்தேன், 5.28 வருகிறது. ஐரிஸை அதேபோல் படம் எடுத்தால் நான்கு இடைவெளி 4.00. அப்படியானால் சைட் 3/8-24, ஐரிஸ் மெட்ரிக்.

டன்னலில் பென்சில் தேய்த்ததில் 5 மி.மீ.க்கு ஏறக்குறைய ஆறே முக்கால்.

இனி அடாப்டர்தான் (இரண்டு மரையையும் இணைக்கும் இடைப்பாகம்) வழி என்றால், வெளியே 3/8-24, உள்ளே எம் 9.5 × 1 என்று எப்படி வெட்டுவது? இரண்டும் ஒரே விட்டம் ஆயிற்றே?


லேத்மேடை:

அளவு சரிதான். 5.28-ஐ ஐந்தால் வகுத்தால் 1.056, சந்தேகமில்லை. டன்னல் 0.75.

ஒன்றுக்குள் ஒன்று போகாது, அதனால் அடாப்டர் படிக்கட்டு வடிவில் வரும். முன்பக்கம் 3/8-24 வெளிமரைத் தண்டு, நடுவில் தோள், பின்பக்கம் 14 மி.மீ. உடல், அதற்குள் எம் 9.5 × 1 உள்மரை. தண்டு நீளம் 6, உடல் நீளம் 8, உள்மரை ஆழம் 6 போதும். ஐரிஸ் 8 மி.மீ. கண்ணை நோக்கிப் பின்னால் வரும், அந்த அளவுக்குச் சைட்டை ரெயிலில் முன்னால் தள்ளிக்கொள்ள வேண்டும். ரெயிலில் இடம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இடமில்லாமல் கண்ணுக்கு மிக அருகில் ஐரிஸை வைப்பது அபாயம், பின்னுதைப்பு உள்ள ரைஃபிளில் கட்டாயம் கூடாது.

நடுத்துளை 6.0 மி.மீ. மரையின் அடிவிட்டம் 8.23, ஆகவே சுவர் 1.1 மி.மீ. மிஞ்சுகிறது, பித்தளைக்கே போதுமான பலம். பார்வைக்கும் போதும். கண்ணிலிருந்து 60 மி.மீ. தள்ளி 1.2 மி.மீ. துளை வைத்துப் பார்க்கும்போது, அதற்கு 14 மி.மீ. முன்னால் கண்ணுக்குத் தேவைப்படும் அகலம் இரண்டு மி.மீ. சொச்சம்தான்.

செய்யும் வரிசைதான் இங்கே எல்லாம். இரண்டு மரையும் ஒரே அச்சில் இல்லாவிட்டால் ஐரிஸ் சாய்ந்து உட்காரும்.

ஒன்று. 16 மி.மீ. பித்தளைத் தண்டை லேத்தின் சக்கில் பிடித்து முகம் சமன் செய்து, 6.0 துளை போட்டு, மரைப் பகுதியை 9.42க்குக் கடையுங்கள். தோளை ஒட்டி 1.5 மி.மீ. அகலத்தில், 8.1 விட்டத்தில் ஒரு காடி. காடி இல்லாவிட்டால் மரையின் முடிவு தோளில் முட்டி, அடாப்டர் சைட் முகத்தில் முழுசாக உட்காராது.

இரண்டு. மரையை டூலால் வெட்டுங்கள், ஆழம் ஒரு பக்கத்துக்கு 0.65. 3/8-24 டை (வெளிமரை வெட்டும் கருவி) எளிதில் கிடைக்கும், ஆனால் டையை மட்டும் நம்பினால் தொடக்கத்திலேயே கோணலாகும். முக்கால் ஆழம் டூலால் வெட்டிவிட்டுக் கடைசிக்கு டை ஓட்டினால் அளவும் கிடைக்கும், நேரும் கிடைக்கும். பழைய தட்டை அளவுமாதிரியாக வைத்துக்கொள்ளுங்கள். பிறகு பாகத்தை வெட்டி எடுங்கள்.

மூன்று. சக்கில் வேறொரு துண்டைப் பிடித்து, 8.5 துளை போட்டு, 3/8-24 உள்மரை வெட்டி, முகத்தைச் சமன் செய்யுங்கள். அந்தத் துண்டைச் சக்கிலிருந்து கழற்றாமல், அடாப்டரை அதில் தோள் முட்டும்வரை திருகுங்கள். இப்போது அச்சு தானாகவே ஒன்றாகிவிடும். இடையில் ஒரு காகித வாஷர் போட்டால் வெட்டு விசையில் பூட்டிக்கொள்ளாது.

நான்கு. பின்பக்கத்தை 8.5க்குத் துளைத்து, உள்மரை வெட்டுங்கள். எம் 9.5 × 1 டேப் சாதாரண டேப் பெட்டியில் இருக்காது, 9-உம் 10-உம் தான் இருக்கும். சிறிய உள்மரை டூலால் வெட்டுவது நல்லது. ஒரு பக்க ஆழம் 0.54. கடைசி இரண்டு மூன்று வெட்டு 0.02 வீதம், ஒவ்வொன்றுக்குப் பின்னும் ஐரிஸையே திருகிப் பாருங்கள். எம் 10 × 1 டேப் வைத்து ஒப்பேற்றலாம் என்று எண்ண வேண்டாம், அரை மி.மீ. பெரிய துளையில் 0.54 உயர மரைக்குப் பிடிமானமே இருக்காது.

லேத்தைப் பற்றி ஒன்று. ஒரே பாகத்தில் அங்குல மரையும் மெட்ரிக் மரையும் வருகிறது. அங்குல லீட் ஸ்க்ரூ (டூலை நகர்த்தும் நீளத் திருகு) உள்ள லேத்தில் மெட்ரிக் வெட்ட 127 பல் கியர் வேண்டும். எந்த லேத்தானாலும், லீட் ஸ்க்ரூவின் இனம் இல்லாத மரையை வெட்டும்போது அரைநட்டை (டூல் வண்டியை லீட் ஸ்க்ரூவோடு பூட்டும் பிடி) திறக்கவே கூடாது. டூலை வெளியே இழுத்து, மோட்டாரைப் பின்னோக்கி ஓட்டித்தான் தொடக்கத்துக்குத் திரும்ப வேண்டும். திறந்து மூடினால் இரண்டாவது வெட்டு முதல் வெட்டின் மேல் விழாது.

உட்பக்கம் முழுக்க மங்கலான கருப்பாக இருக்க வேண்டும். பித்தளை பளபளத்தால் துளையைச் சுற்றி ஒளிவளையம் தெரியும். அலுமினியத்தில் செய்து அனோடைஸ் போடுவதானால் பூச்சின் தடிமனை இரண்டால் பெருக்கி மரை விட்டத்தில் குறைத்து வெட்டுங்கள்.


மரைக்கணக்கு:

லேத்மேடை சொன்ன வரிசை அருமை, குறிப்பாக மூன்றாவது படி. அனோடைஸ் கணக்கை மட்டும் திருத்த வேண்டும். உருளைக்குத்தான் இரண்டு. 60 டிகிரி மரையில் பூச்சு சரிவின் மேல் படிகிறது, அதனால் பிட்ச் விட்டம் (மரைச் சரிவின் நடுவில் அளக்கும் விட்டம்) பூச்சுத் தடிமனின் நான்கு மடங்கு கூடும். பூச்சின் முழுத் தடிமனும் வெளியே வளர்வதில்லை என்பதும் உண்டு. சாதாரணக் கருப்பு அனோடைஸ் 12 மைக்ரான் என்றால் வெளியே வளர்வது மூன்றில் ஒரு பங்கு, 4 மைக்ரான். நான்கால் பெருக்கினால் 0.016 மி.மீ. 6ஜி, 2ஏ தரத்தில் ஏற்கெனவே ஏறக்குறைய 0.026 தளர்வு விட்டிருப்பதால் இது அடங்கிவிடும், தனியாக எதுவும் குறைக்க வேண்டாம். கடின அனோடைஸ் 40 மைக்ரான் என்றால் பாதி வெளியே வளரும், 20 மைக்ரான், நான்கால் 0.08. இது அடங்காது. உள்மரையும் அதே அளவு குறுகும்.


லேத்மேடை:

சரி, நான் எழுதியது தண்டுக்கான கணக்கு. நான்கு மடங்குதான். பித்தளையில் இரசாயனக் கருப்பு போட்டால் தடிமன் கணக்கே தேவைப்படாது, என் விருப்பமும் அதுதான்.

ஐரிஸ் கடைசியில் நிற்க வேண்டியது தோளில், மரையில் அல்ல. தோள் முகத்தில் மையைத் தடவி ஐரிஸைத் திருகி எடுத்துப் பாருங்கள். வளையம் முழுக்க மை ஒட்டினால் நல்லது. ஒரு பக்கம் மட்டும் ஒட்டினால் முகம் சாய்வு. தளர்வாக விட்டுவிட்டு டெஃப்லான் நாடா சுற்றுவதும் பார்க்கிறோம், வேண்டாம். முன், பின் சைட்டுக்கு இடையே 800 மி.மீ. தூரம் உள்ள ரைஃபிளில் ஐரிஸ் 0.1 மி.மீ. நகர்ந்தால் 50 மீட்டரில் குண்டு படும் இடம் 6.25 மி.மீ. தள்ளிப்போகும். அந்த இலக்கில் பத்து வளையத்தின் விட்டமே 10.4.


டன்னல்நோக்கி:

அடித்தளத் திருகு விட்டுப்போச்சே. 3.47 பார்த்து எம் 3.5 வாங்காதீங்க. அமெரிக்க வகை சைட் அடித்தளங்களில் அதிகம் வருவது 6-48 (6 திருகின் அளவு எண், 48 அங்குலத்துக்கு மரை). அதன் விட்டம் 3.505, பிட்ச் 0.529. எம் 3.5 பிட்ச் 0.6. பழைய பிரிட்டிஷ் பாகமா இருந்தா 4 பிஏ, விட்டம் 3.6, பிட்ச் 0.66. நல்லா இருக்கிற திருகில் பத்து இடைவெளி அளந்தா 5.3, 6.0, 6.6 என்று தனித்தனியா நிற்கும். திருகில் பத்து மரை இல்லைன்னா ஐந்து.

அடித்தளம் எஃகில் இருந்தா எம் 3.5 திருகு இரண்டு சுற்று ஏறி நின்றுடும், தப்பிச்சீங்க. அலுமினியமா இருந்தா நிற்காது, வெட்டிக்கொண்டே உள்ளே போகும். நல்லா இருக்கிற துளையும் சேர்ந்து கெடும்.

மரை தேய்ந்த துளைக்கு வழக்கமான தீர்வு 8-40. விட்டம் 4.166, பிட்ச் 0.635, துளை 3.57 மி.மீ. அடித்தளத்திலும் திருகுத் தலை போகிற ஓட்டையைப் பெரிசாக்கணும், அதனால் இரண்டையும் மாற்றினால்தான் பார்வையாக இருக்கும். துளை இருப்பது பேரலின் மேல் என்றால் சொந்தமா துளைக்காதீங்க, ஆழம் கொஞ்சம் மிஞ்சினாலும் பேரல் போச்சு. உரிமம் உள்ள துப்பாக்கிப் பட்டறையில் கொடுங்க. வேலைக்கு முன்னால் தோட்டா அறை காலியா என்று பார்ப்பதைச் சொல்லாமலே செய்வீங்க, இருந்தாலும் சொல்லிடறேன்.

திருகின் நீளத்தையும் பாருங்க. புதுத் திருகு ஒரு மரை நீளமா இருந்தா துளையின் அடியில் முட்டும். கைக்கு இறுகின மாதிரி இருக்கும், அடித்தளம் மட்டும் ஆடும். திருகின் நுனியில் மையைத் தடவி ஏற்றி எடுத்தா முட்டுதா இல்லையான்னு தெரிஞ்சுடும். கடைசியா எண்ணெய் துடைத்து, லாக்டைட் 222 (திருகு தளராமல் பிடிக்கும் பசை) ஒரு சொட்டு. அதுக்கு மேல் பலமானது இந்த அளவுத் திருகுக்கு ஆகாது, கழற்றும்போது தலை முறியும்.


வளையம்22:

திருகை அளந்தேன். ஐந்து இடைவெளி 2.65, ஆக 6-48. துளை அடித்தளத் துண்டில்தான், பேரலில் இல்லை. ரெயிலில் பின் சைட்டுக்கு முன்னால் 23 மி.மீ. இடம் இருக்கிறது. அடாப்டரைப் பித்தளையில், தண்டு 6, உடல் 8 என்று வரைந்து கொடுக்கிறேன். பழைய தட்டும் ஐரிஸும் அளவுமாதிரியாகக் கூடவே போகும். டன்னல் வளையத்துக்கு 22 × 0.75, உதட்டுக்கு மிஞ்சும் இடம் 2.1 மி.மீ. என்று குறித்துக்கொண்டேன்.


டன்னல்நோக்கி:

உதட்டை 2.1க்கு வெட்டாதீங்க, 2.2 வையுங்க. வளையம் வாயில் முட்டுவதற்கு முன்னால் இன்சர்ட்டில் முட்டணும்.